உவைஸின் முடிச்சு

பட்டப்பகலில், ரோட்டோரமாக, ஒரு பேயைக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லி வரிசையில் நடத்திக்கொண்டு போனதைத் தென்காசி வட்டாரத்திலேயே கண்ணால் கண்ட ஒரே ஆள் நான்தான். சரி, இதில் கொஞ்சம் மிகை இருக்கிறது. ஒரே ஆள் என்பது மிகை. எங்கள் தெரு அங்கன்வாடிப் பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்தார்கள். முட்டை இறக்க வந்த வேன்காரரும் பார்த்தார். பேய் என்பதும் மிகைதானா என்று கேட்டால், அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். முதலில் அந்தக் கயிற்றைத் திரித்தவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இசக்கிச்செல்வி. அங்கன்வாடி டீச்சர். பிறந்தது சுந்தரபாண்டியபுரத்தில். சூரியகாந்தி பூக்கிற மாதத்தில் எங்கெங்கிருந்தோ வண்டி போட்டுக்கொண்டு வந்து படம் பிடித்துப் போவார்களே, அதே ஊர்தான். “எங்க அய்யா வயக்காட்டுல களை பறிச்சிட்டு நிப்பாவ ஆச்சி. எவனாவது வந்து, ‘பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃபோட்டோவுல விழுதீங்க’ம்பான். அவுஹ வயலு அது!” என்று தெருவுக்கே ஆச்சியான என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். ஆட்டோ ஓட்டுகிற ரத்தினத்துக்குக் கட்டிக்கொடுத்து, தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கும் எங்கள் தெருவுக்கு வந்தாள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி எவளாவது வாயைத் திறந்தால், “எனக்கு வருசா வருசம் ஒரு கூட்டமே பிறக்குது. உங்களுக்கு ஒண்ணோ ரெண்டோதானே?” என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

அங்கன்வாடி நடப்பது பழைய ரேஷன் கடைக் கட்டடத்தில். சாரல் காலத்தில் சுவர் வேர்த்துக்கொண்டே இருக்கும். அரிசி மூட்டை அடுக்கிய இடத்தில் இப்போது பாய் விரித்துப் பிள்ளைகள் உறங்கும். ஒருமுறை டீச்சர்களையெல்லாம் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக நட்சத்திரம் ஒட்டாதீர்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே இலக்கு வையுங்கள். எல்லாரும் எட்டினால்தான் எட்டியதாகக் கணக்கு. அப்போதுதான் பிள்ளை அடுத்த பிள்ளையின் முகத்தைப் பார்க்கும், பொறுக்கும், தன் ஆத்திரத்தைத் தானே அடக்கும் என்று அங்கே சொன்னார்களாம். மற்ற டீச்சர்கள் சார்ட் பேப்பர் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இவள் தேங்காய்நார் வாங்கிக்கொண்டு வந்தாள்.

தேர் இழுக்கிற வடம்தான் அவளுக்கு யோசனை தந்தது. நாலு பயில்வான் இழுத்தால் தேர் நகராது. ஊர் கை வைத்தால் நகரும். நாரைத் திரித்து நீளக் கயிறாக்கி, பிள்ளைக்கு ஒரு முடிச்சுப் போட்டாள். ஒவ்வொரு முடிச்சின் மேலும் அந்தந்தப் பிள்ளையின் அம்மா கட்டிக் கிழிந்த சேலைத் துணியைச் சுற்றித் தைத்தாள். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் அம்மா சேலை தெரியும் அல்லவா? பிள்ளைகள் அதற்கு ‘வடம்’ என்றே பெயர் வைத்தார்கள்.

இலக்கு இதுதான். வாசலில் புறப்பட்டு, வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒருவரும் முடிச்சை விடாமல் போய்ச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் சாரல் நேரத்தில் எல்லாருக்கும் புலியருவியில் குளியல். ஒருத்தர் விட்டால் எல்லாரும் வாசலுக்குத் திரும்ப வேண்டும். ஒருத்தர் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

முதலில் பெரிய ரகளை. மணிகண்டபிரபு என்று ஒரு வாயாடிப் பயல் இருந்தான். நாயைக் கண்டால் வடத்தை விட்டுவிட்டு ஓடுவான். தினமும் அவனால் திரும்பி வந்து, தினமும் மற்ற பிள்ளைகளிடம் அவனுக்கு அடி விழுந்தது. ஒருநாள் மாரிச்செல்வி என்கிற பொடிசு, அடித்து அலுத்துப்போயோ என்னவோ, முன்கூட்டியே குரல் கொடுக்கத் தொடங்கினாள்: “ஏலே மணி, நாய் நிக்கி. கண்ணை மூடிக்கோ. நான் சொல்லும்போது தொற.” அவன் கண்ணை மூடிக்கொண்டு, வடத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாயைக் கடந்தான். அன்று இசக்கிச்செல்வி என் வீட்டுக்கு வந்து, காப்பி கூடக் குடிக்காமல் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வடத்தின் வால் பக்கத்தில் எங்கள் தெரு ஃபாயிஸாவின் பிள்ளைகள் இரண்டும் நிற்கும். மூத்தவன் உவைஸ், அவனுக்கு இளையவள் ஜுஹைனா. வாப்பா மூசா சவூதியில், தமாமில் வேலை பார்த்தான். இரண்டு பிள்ளைகளின் முடிச்சிலும் ஒரே துணி, ஃபாயிஸாவின் மஞ்சள் பூப்போட்ட பருத்திச் சேலை. உவைஸுக்கு எந்நேரமும் உள்ளங்கை வேர்க்கும். அவன் பிடித்த முடிச்சு ஈரமாகவே இருக்கும். அதைத் தொட்டுவிட்டு மற்றவை “ச்சீ” என்று சிரிக்கும்.

ஐப்பசியில் ஒருநாள் வடம் பாலம் வரைக்கும் வந்துவிட்டது. அங்கே உவைஸ் நின்றான். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது. ஃபாயிஸா ஆட்டோவில் வந்து இறங்கினாள். பயல் முடிச்சை விடமாட்டேன் என்று அழுதான். தான் விட்டால் எல்லாரும் திரும்ப வேண்டுமே என்ற கவலை அவனுக்கு. இசக்கிச்செல்வி அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தபடி சொன்னாள்: “நீ போயிட்டு வா ராசா. உன்னை விட்டுட்டு நாங்க பாலத்தைத் தாண்ட மாட்டோம்.” பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, “தாண்டுவோமா?” என்று கேட்டாள். “மாட்டோம்!” என்று கத்தினார்கள்.

உவைஸ் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனார்கள். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன்பே அடக்கம் முடிந்துவிட்டது. மூசாவால் வர முடியவில்லை.

அடுத்த வாரம் மணிகண்டபிரபு, “உவைஸ் எங்க?” என்று கேட்டான். ஆயா சங்கரம்மாள் சோறு போட்டுக்கொண்டிருந்தவள், வாயில் வந்ததைச் சொன்னாள்: “அவன் அவுஹ வாப்பாகிட்டப் போயிருக்காம்ல.” ஃபாயிஸாவும் வீட்டில் ஜுஹைனாவிடம் அதையே சொல்லியிருந்தாள். தெருவே அதைப் பிடித்துக்கொண்டது.

எங்கள் ஊரில் சாவை மறைக்க இதைவிட மோசமான பொய் கிடையாது. சாமியிடம் போய்விட்டான், அல்லாஹ்விடம் போய்விட்டான் என்றிருந்தால் பிள்ளைகள் அதை எப்படியாவது விளங்கிக்கொள்ளும். வளைகுடாவுக்குப் போனவர்களோ இங்கே திரும்பி வருகிறார்கள். பெட்டியோடும், செண்ட் வாசனையோடும், தகர டப்பா சாக்லேட்டோடும் வருகிறார்கள். எந்தப் பிள்ளையின் வாப்பாவும் மாமாவும் அப்படித்தான் வந்திருக்கிறார்கள். அப்படியானால் உவைஸ் மட்டும் ஏன் வரமாட்டான்?

மழை விட்டு, தை பிறந்து, வெயில் வந்ததும் டீச்சர் மறுபடி வடத்தை எடுத்தாள். பிள்ளைகள் சமர்த்தாக நடந்தார்கள். பாலம் வந்ததும் ஜுஹைனா நின்றாள். சட்டப்படி எல்லாரும் நின்றார்கள்.

“என்ன ஜுஹைனா?”

“உவைஸ் வரணும்லா டீச்சர்.”

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். யாரும் அவளைத் திட்டவில்லை. பொறுக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள்! பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் வரிசையாக நின்று, ஜுஹைனாவுக்குப் பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டு, ரோட்டைப் பார்ப்பார்கள். ஆட்டோ சத்தம் கேட்டால் எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பும். ஆட்டோ போனதும் ஒன்றாகத் திரும்பிக்கொள்ளும். அந்த வயதுப் பிள்ளைகள் அத்தனை பேர் ஒரு இடத்தில் பேசாமல் நிற்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எதிர்க் கடைக்காரர் அந்த நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். ஏன் என்று கேட்டால், வெயில் அடிக்கிறது என்பார். வெயில் அவர் முதுகுப் பக்கம்.

அடுத்த தெரு நாசர் லீவில் வந்து சாக்லேட் கொடுத்தபோது, “உவைஸ் எப்ப வருதான் மாமா?” என்று பிள்ளைகள் சூழ்ந்துகொண்டன. “வருவான், வருவான்” என்று சொல்லிவிட்டு, டப்பாவையே கீழே வைத்துவிட்டுப் போனான் நாசர். பிள்ளைகள் பங்கு வைத்தபோது உவைஸுக்கும் ஒன்று ஜன்னலில் இருந்தது. எறும்பு கூட அதைத் தொடவில்லை என்று சங்கரம்மாள் சத்தியம் பண்ணுகிறாள். அவள் சத்தியம் என் கதையைவிட ஒரு படி மேலே, அதனால் விட்டுவிடுவோம்.

உவைஸின் முடிச்சை மட்டும் என்னால் விட முடியவில்லை. பங்குனி வெயிலில் வடம் முழுக்கக் காய்ந்து மொறமொறவென்று கிடக்க, அந்த ஒரு முடிச்சு ஈரமாக இருந்தது. நான் எம்.ஏ. படித்தவள், காரணம் சொல்லத் தெரியும். யாரும் பிடிக்காத முடிச்சு தொய்ந்து தரையில் இழுபடும். குழாயடித் தண்ணீரில் நனையும். இதை மணிகண்டபிரபுவிடம் விளக்கமாகச் சொன்னேன். அவன் முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை டவுசரில் துடைத்துக்கொண்டு, “இல்ல ஆச்சி, அவனுக்கு இன்னும் கை வேர்க்குது” என்றான்.

மூசா வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் ஜுஹைனா கேட்பாள்: “ஃபோனை உவைஸ்கிட்டக் குடுங்க வாப்பா.” வெளியே போயிருக்கான், குளிக்கான் என்று சமாளித்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் முடியாமல், ஃபோனைப் பக்கத்துக் கட்டில் பக்கம் திருப்பினான். வேலை முடித்து வந்த யாரோ ஒருவர் தலைவரைக்கும் போர்த்திக்கொண்டு கிடந்தார். “உறங்குதான்மா.” ஜுஹைனா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஃபாயிஸாவிடம் சொன்னாள்: “எவ்வளவு பெருசா வளந்துட்டான் உம்மா!”

இதற்குள் தெருவில் பேச்சுப் பரவிவிட்டது. ஒருத்தி பிள்ளைக்குக் கறுப்புக் கயிறு கட்டினாள். மாரிச்செல்வியின் அம்மா வாசலில் நின்று சண்டைக்கே வந்துவிட்டாள். “பூரா பிள்ளையும் செத்த பிள்ளைக்குக் காவல் நிக்குது டீச்சர். நீங்க என்ன பாடம் நடத்துதீங்களா, பேய் ஓட்டுதீங்களா?” மேலே இருந்து பார்க்க வந்த அதிகாரி அம்மாள் அந்த முடிச்சை அவிழ்த்துவிடச் சொன்னார். ஈரத்தில் இறுகிய முடிச்சு, நகத்துக்கு நெகிழவில்லை. சங்கரம்மாள் அரிவாள்மணையைக் கொண்டுவந்து வைத்தாள். இசக்கிச்செல்வி வடத்தை அதன் மேல் வைத்தாள், எடுத்தாள். “இதை வெட்டுனா பக்கத்து முடிச்சும் நெகிழ்ந்துரும்க்கா” என்றாள். பக்கத்து முடிச்சு ஜுஹைனாவுடையது.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். “நான் ஒரு வாக்குக் குடுத்துட்டேன் ஆச்சி. பிள்ளைங்க அதைக் காப்பாத்துதுங்க. நான் படிச்சுக் குடுத்ததைத்தான் செய்யுதுங்க. யாரைப் போயிக் குத்தம் சொல்ல?”

“பொய்க்குப் பொய்தான் மருந்துன்னா எங்கிட்ட மூட்டை மூட்டையா கெடக்கு. ஒண்ணு எடுத்துக்கோயேன்” என்றேன்.

“உங்க பொய்யை நாய் கூட நம்பாது ஆச்சி. அதான் அது ஆரையும் ஒண்ணும் செய்யல. இது எல்லாரும் நம்புத பொய்” என்றாள். என் மூட்டையை நான் கட்டி வைத்துவிட்டேன். அபூர்வம்தான்.

ஆனி பிறந்து சாரல் விழுந்தது. வாய்க்கால் சுவரை முட்டிக்கொண்டு ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கன்வாடி இல்லாத நாள், ஃபாயிஸா துணி எடுக்க மாடிக்குப் போய் இறங்கி வருவதற்குள் ஜுஹைனாவைக் காணோம். தெருவே தேடியது. ரத்தினம்தான் கண்டுபிடித்தார். பாலத்துச் சுவரின் மேல், காலைத் தண்ணீர்ப் பக்கம் தொங்கவிட்டு, தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு கையைப் பக்கத்தில் வெறும் சுவர் மேல் வைத்திருந்தாள், யார் கையையோ பிடித்திருப்பதுபோல.

இசக்கிச்செல்வி நேரே ஃபாயிஸாவிடம் போனாள்.

“இனிமே மறைக்க முடியாது ஃபாயிஸா. பிள்ளைகிட்டச் சொல்லிருவோம்.”

“வேண்டாம்க்கா. அவ தேடுத வரைக்கும் அவன் எங்கனயோ இருக்கான்னு எனக்கும் தோணுது. அவளும் தேடாம விட்டுட்டான்னா…”

“அவ தண்ணிப் பக்கம் காலைப் போட்டு உக்காந்திருந்தாட்டி. ஒண்ணைப் பறிகுடுத்தது போதாதா?”

ஃபாயிஸா ஜுஹைனாவின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். தலை காய்ந்த பிறகும் துவட்டினாள். “எனக்கு வாய் வராதுக்கா” என்றாள் கடைசியில். “அவ வாப்பா லீவுல வாராவ. அவுஹ வரட்டும்.”

மூசா திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை வழியாக பஸ்ஸில் தென்காசி வந்து, அங்கிருந்து ரத்தினத்தின் ஆட்டோவில் வந்தான். பாலத்தில் நிறுத்தச் சொல்லி ஏற்பாடு. முன்னதாகவே இசக்கிச்செல்வி அவனிடம் ஃபோனில் பேசியிருந்தாள்: “வீட்டுக்குள்ள வச்சுச் சொன்னா அவளுக்கு மட்டுந்தான் தெரியும் அண்ணே. மத்த பிள்ளைங்க அவளைக் கூட்டிக்கிட்டு மறுபடியும் பாலத்துல வந்து நிக்கும். எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்லணும்.”

சாரல் தூறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வரிசையாக, உவைஸுக்கு இடம் விட்டு நின்றன. ஃபாயிஸா ஓரமாக நின்றாள். நான் வாலில் குடையோடு. ஆட்டோ வந்தது. எல்லாத் தலையும் திரும்பின. முதல்முறையாக ஆட்டோ நின்றது.

மூசா இறங்கினான். ஜுஹைனா வாப்பாவைப் பார்க்கவில்லை. அவன் கால்களுக்கு இடையில் புகுந்து ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள். பெட்டிக்குப் பின்னால் பார்த்தாள். சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஒரு கை மட்டும் வெளியே நீண்டு முடிச்சைப் பிடித்தபடியே இருந்தது. அவளுக்காகப் பிள்ளைகள் வடத்தை நெகிழ்த்திக் கொடுத்தன.

“மாமா, உவைஸ் எங்க?” என்றான் மணிகண்டபிரபு.

மூசா டீச்சரைப் பார்த்தான். இசக்கிச்செல்வி நனைந்த ரோட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், பிள்ளைகளின் முகத்துக்கு நேராக.

“உவைஸ் சவூதிக்குப் போகல. நாங்க பொய் சொல்லிட்டோம். காய்ச்சல்ல அவன் செத்துப்போயிட்டான். மண்ணுக்குள்ள வச்சிட்டோம். திரும்பி வரமாட்டான்.”

“சாக்லேட்டோட கூட வரமாட்டானா?”

“சாக்லேட்டோட கூட வரமாட்டான் மணி.”

ஜுஹைனா ஆட்டோவிலிருந்து திரும்பினாள். “அப்ப கட்டில்ல உறங்குனது ஆரு வாப்பா?”

“அது வேற ஒரு மாமா” என்று மூசா மண்டியிட்டான். “வாப்பா உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்மா. வாப்பாவுக்குச் சொல்லத் தெரியல.”

யாரும் அழவில்லை. பிறகு மாரிச்செல்வி மெதுவாகக் கேட்டாள்: “டீச்சர், உவைஸ் வராம பாலத்தைத் தாண்ட மாட்டோம்னு சொன்னோம்லா? இனி எப்படிப் போறது?”

பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தன. அவள் மூசாவைப் பார்த்தாள். மூசா ஷூவைக் கழற்றி ஆட்டோவில் வைத்தான். வரிசைக்கு வந்து, மகளுக்குப் பக்கத்தில், ஐந்து வயதுப் பிள்ளையின் உயரத்துக்குக் கட்டிய அந்த வெறும் முடிச்சைக் குனிந்து பிடித்தான். இடுப்பை வளைத்தபடியே நடந்தான். அத்தனை மாதமாகத் தொய்ந்து கிடந்த வடம் அன்றைக்குத்தான் விண்ணென்று நின்றது. ஒருவரும் கை விடவில்லை. பாலத்தைத் தாண்டினோம்.

பேயைக் கடைசியில் வைத்துக்கொள்வோம் என்றேன் அல்லவா? என் கண்ணாடியில் சாரல் வழிந்துகொண்டிருந்தது உண்மை. ஆனாலும் பார்த்தேன். மூசா பிடித்திருந்த முடிச்சிலிருந்து தண்ணீர் சொட்டியது. சாரல் சொட்டுவதுபோல் இல்லை, பிழிந்தால் சொட்டுமே அப்படி. யாரோ இன்னொரு கை உள்ளே இருந்து பிழிந்ததுபோல.

பஸ் ஸ்டாப்பில் பிள்ளைகள் கத்திய கத்தலில் பஸ்ஸே பயந்து நின்றது. புலியருவியில் எல்லாரும் குளித்தார்கள். ஜுஹைனா வாப்பாவின் தோளில் உட்கார்ந்து அழுதாள், அருவிக்கு அடியிலேயே. அங்கே அழுதால் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருப்பாள். அதன் பிறகு அவள் பாலத்தில் நின்றதில்லை. இசக்கிச்செல்வி அந்த முடிச்சை அவிழ்க்கவும் இல்லை, வேறு பிள்ளைக்குக் கொடுக்கவும் இல்லை. புதுப் பிள்ளை வந்தால் நாரைத் திரித்து வடத்தை நீட்டிக்கொள்கிறாள். இப்போதெல்லாம் எந்தப் பிள்ளையிடமும், “நீ வர்ற வரைக்கும்” என்று மட்டும் அவள் சொல்வதில்லை. “உன் முடிச்சு இங்கன இருக்கும்” என்கிறாள்.

இதுவரைக்கும் எழுதியதை அவர்களுக்கு முன்னால் படித்துக்காட்டினேன். இசக்கிச்செல்வி, “தேங்காய்நாரை நான் திரிக்கல ஆச்சி, திரிச்சதைத்தான் வாங்குனேன்” என்றாள். அதெல்லாம் சில்லறைத் தப்பு, போகட்டும் என்று விட்டேன். இப்போது ஒன்றாம் வகுப்புக்குப் போகிற ஜுஹைனா, சீருடையோடு சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள், “ஆச்சி, தப்பு” என்றாள்.

“எதுட்டி தப்பு?”

“வாப்பா பிடிச்சது என் முடிச்சு. நான்தான் அதை அவுஹ கையில குடுத்தேன். உவைஸ் முடிச்சை நான் பிடிச்சிக்கிட்டேன். ரெண்டும் உம்மா சேலைதானே, அதான் உங்களுக்குத் தெரியல.” கொஞ்சம் யோசித்தாள். “அவன் முடிச்சுல தண்ணி சொட்டவும் இல்ல ஆச்சி. கதகதன்னு இருந்துச்சு. இப்பதான் ஆரோ பிடிச்சிட்டு விட்ட மாதிரி.”